எட்டாம் நம்பர் ட்யூப்

"உம்மா, எச்சி வாய்க்குள்ள கெடக்கயில அசிங்கமில்ல. வெளிய வந்தா மட்டும் எப்பிடி அசிங்கமாவுது?"

ஷைஸ்தா இதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. சைனப் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "கேக்கா பாரு கேள்வி. போயி கையக் கழுவிட்டு வா" என்றாள். பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருந்த வாப்பா கரீம் பாட்சா மட்டும் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நல்ல கேள்விதாம்ட்டி. எனக்குத் தெரியல. நீ படிச்சிட்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார்.

அவள் படித்தாள். பத்து வரைக்கும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. அப்புறம் செம்பூரில் ஒரு கல்லூரி. இப்போது பயோடெக்னாலஜி இரண்டாம் வருஷம். தாராவியில் அவர்கள் இருந்த சந்திலிருந்து வெள்ளைக் கோட்டுப் போட்டு லேபுக்குப் போன முதல் பெண் அவள்தான். அந்தக் கோட்டைத் துவைத்து மாடியில் காயப்போடும்போது, தோல் நாற்றம் ஏறிவிடக் கூடாதென்று சைனப் அதன்மேல் ஒரு பழைய துப்பட்டாவைப் போர்த்தி வைப்பாள்.

சந்து முழுக்கத் தோல்தான். கரீம் பாட்சா கடையநல்லூரிலிருந்து பதினாறு வயதில் வந்து, பர்ஸுக்குத் தோல் வெட்டப் பழகி, இன்றைக்கும் அதையே வெட்டுகிறார். ஒட்டுப் பசையின் நெடியும், வெட்டி எறிந்த துண்டுகள் சாக்கடையில் ஊறிய வாடையும் வெயில் ஏற ஏறத் தலைக்குள் போகும். அங்கே வேலை செய்கிறவர்களுக்குச் சைனப் மதியச் சோறு கட்டினாள். மற்ற மாதங்களில் முப்பத்தொரு டப்பா. நோன்பு மாதத்தில் பதினெட்டாகும். அந்த மாதம் பகலில் சாப்பிடுகிறவர்கள் திருநெல்வேலி இந்துக்களும் பீகார்க்காரர்களும் சோலாப்பூர்க்காரர்களும்தான்.

அந்தப் பதினெட்டுக்கும் அவள் நோன்பு வைத்துக்கொண்டே சமைத்தாள். உப்புப் பார்க்க ஒரு சொட்டை நாக்கில் வைக்க மாட்டாள். கொதி வரும்போது முகர்ந்து பார்ப்பாள், அவ்வளவுதான். உப்பு ஒரு நாளும் தப்பியதில்லை.

"சைனப்பக்கா நோம்பு மாசக் கொழம்புக்குத்தான் ருசி சாஸ்தி. நம்மளா இருந்தா ருசி பாக்கேன்னு பாதிச் சட்டியக் காலி பண்ணிருவோம்" என்பார் பூலோகம்.

பூலோகம் பக்கத்து ஒற்றை அறைக் கோலியில் இருப்பவர். ஷைஸ்தா படிக்கிற அதே கல்லூரியில் லேப் அட்டெண்டர். இருபது வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறார். மனைவி இறந்தபின் அவருக்கும் சைனப்பின் டப்பாதான். காலையில் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஷைஸ்தாவோடு ஜி.டி.பி. நகர் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து செம்பூர் வண்டியைப் பிடிப்பார்.

அந்த வருஷம் நோன்பு பிப்ரவரியிலேயே பிறந்துவிட்டது. மார்ச் முதல் வாரத்தில், ஒரு புதன்கிழமை, லேபில் டி.என்.ஏ. பாடம்.

பாடம் எடுத்த வந்தனா மேடம் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். கணவருக்கு அணுசக்தி நகரில் உத்தியோகம், குடியிருப்பும் அங்கேதான். பிள்ளைகளைத் தொட்டுச் செய்ய விடுகிற டீச்சர். போலீஸ் லேபில் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பதினாறு பேரும் தங்கள் கையாலேயே செய்து பார்க்கட்டும் என்று, கிட்டுக்காக ஒரு வருஷம் ஆபீசோடு மல்லுக்கட்டி வாங்கினார். வகுப்பு இந்தியும் இங்கிலீஷுமாக நடக்கும். தமிழ்ப் பிள்ளைகளிடம் தமிழ்.

அன்றைக்கு மேஜைமேல் தன் ஸ்டீல் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார்.

"நேத்து யாரோ இதுல வாய் வெச்சுக் குடிச்சிருக்கா. எங்காத்துல தூக்கிக் குடிக்கலைன்னா எங்கம்மா கொலைக் கேஸ் போட்டுடுவா. யாருன்னு நீங்களே கண்டுபிடியுங்கோ" என்று மூன்று பாஷையிலும் சொன்னார். வகுப்பு சிரித்தது. முதல் நாளே சுஷ்மாவை ரகசியமாகக் கூப்பிட்டு அந்தப் பாட்டிலில் குடிக்கச் சொன்னவர் அவர்தான். அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும்.

பாட்டிலின் வாயைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து ஒரு ட்யூபில் போட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் காகிதக் கப்பில் உப்புத் தண்ணீர். முப்பது செகண்ட் கொப்பளித்து அதே கப்பில் துப்ப வேண்டும். கன்னத்தின் உள்தோலிலிருந்து உதிர்கிற செல்கள் அதில் வந்துவிடும். அதிலிருந்து டி.என்.ஏ.

சுஷ்மா ஏழாம் நம்பர். ஷைஸ்தா எட்டாம் நம்பர். சுஷ்மா மாட்டுங்காவில் பேங்க் ஆபீசர் சந்திரமௌலியின் பெண். இரண்டு வருஷமாக இருவரும் ஒரே பெஞ்சு.

"என்னடி கப்பைப் பார்த்துண்டே நிக்கறே? கொப்பளி."

"நோம்புடி."

"முழுங்கவா போறே? துப்பத்தானே போறே."

"முப்பது செகண்டு உப்புத் தண்ணி. தொண்டையில எறங்கிட்டுன்னா? எங்க உம்மா கொழம்புக்கே உப்புப் பாக்க மாட்டா."

"மேடம்கிட்ட சொல்லேன். நாளைக்குப் பண்ணிக்கலாம்."

"சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. காலையிலேருந்து ஆதர்ஷ் மூணு தடவ கேட்டுட்டான், தண்ணிகூடக் கிடையாதா, பானீ பீ நஹீன்னு."

சுஷ்மா சுற்றிலும் பார்த்தாள். மேடம் அந்தப் பக்கம் யாருக்கோ ட்யூபை மூடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குடு இங்க" என்று ஷைஸ்தாவின் கப்பையும் வாங்கிக்கொண்டாள். ஒன்றைக் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு அடுத்ததையும். "இந்தா. மாட்டுங்கா எச்சில். பத்திரமா வெச்சுக்கோ. எங்கப்பாக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் குளிச்சுட்டு வரச் சொல்லுவார்."

"சீ, போடி."

ட்யூபுகளைச் சுழலும் மெஷினில் எதிரெதிராக வைத்துக்கொண்டிருந்த பூலோகம் இதைப் பார்த்தார். அடுத்த ட்யூபை எடுத்து வைத்தார். சின்னப் பிள்ளைகள் ஒன்றுக்கொன்று செய்துகொள்ளும் உதவி. அதில் அவர் எதற்குக் குறுக்கே வர வேண்டும்.

மறுநாள் ஜெல் ஊற்றினார்கள். அது கடல்பாசியிலிருந்து எடுக்கிற பொடி. தண்ணீரில் காய்ச்சித் தட்டில் ஊற்றி ஆறவைத்தால் கட்டியாகும். சைனப் நோன்பு திறக்கச் செய்கிற கடல்பாசியும் இதே வகைதான். அதனால் ஊற்றுகிற வேலையை ஷைஸ்தாவுக்கே கொடுத்தார் மேடம்.

"ஓரத்துல நுரை நிக்குது பாரு. ஒங்க உம்மா ஊத்துனா ஒரு நுரை இருக்காது" என்றார் பூலோகம்.

"உம்மா இதுல ரோஸ்மில்க்கு ஊத்துவா மாமா. நா நீல மை ஊத்துதேன்."

மின்சாரம் பாய்ச்சி, முக்கால் மணி நேரம் கழித்து, விளக்குக்கு மேல் வைத்துப் பார்த்தபோது கோடுகள் தெரிந்தன. ஆளுக்கு இரண்டு கோடு, ஆளுக்கொரு உயரத்தில். பாட்டிலின் கோடுகள் ஏழாம் நம்பரோடு ஒத்துப்போயின. எட்டாம் நம்பரோடும் ஒத்துப்போயின.

மேடம் ஒரு கணம் குழம்பினார். பிறகு, நல்ல டீச்சரானபடியால், குழப்பத்தையே பாடமாக்கினார். "அரே, எட்டும் அதேதான். ஷைஸ்தா, பகடி கயீ தும். மேரீ பாட்டில்" என்று, நீ மாட்டிக்கொண்டாய் என இந்தியில் சொல்லிச் சிரித்துவிட்டு, மேலே சொன்னார். "இதைப் பார்த்ததும் எட்டாம் நம்பர்தான் குற்றவாளின்னு சொல்லிட முடியுமா? முடியாது. நாம டி.என்.ஏ.வில ஒரே ஒரு இடத்தைத்தான் பார்த்திருக்கோம். நிஜ லேப்ல இருபது இடத்துக்கு மேல பார்ப்பா. ஒரு இடத்துல ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்கலாம். அவசரப்பட்டு யாரையும் கை காட்டக் கூடாது. இன்னிக்குப் பாடம் இதுதான்."

ஆதர்ஷ் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். 'பகடி கயீ' வரைக்கும் எடுத்துவிட்டு நிறுத்தினான். பதினோரு செகண்ட். தமாஷுக்காக அன்று சாயங்காலம் ஸ்டேட்டஸில் போட்டான்.

அந்தப் பதினோரு செகண்டை யார் எடுத்தார்கள், யார் அதன்மேல் எழுத்து ஒட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அது ஊரெல்லாம் சுற்றியபோது அதில் தலையில் முக்காடு போட்ட ஷைஸ்தாவின் முகம் வட்டமிடப்பட்டிருந்தது. டீச்சரின் தண்ணீர்ப் பாட்டிலில் துப்பிய மாணவி என்றும், டி.என்.ஏ. சோதனையில் நிரூபணம் என்றும் இந்தியில் எழுதியிருந்தது. சனிக்கிழமைக்குள் தாராவி என்ற பெயரும் சேர்ந்துவிட்டது. கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைத் திரும்ப எழுத இந்தக் கைக்குக் கூசுகிறது. இவர்கள் தொட்டதைச் சாப்பிடாதீர்கள் என்பது அதில் மிக மரியாதையான வரி. பேத்தியைத் தூக்கி வைத்துப் படம் போட்டிருந்த பெரியவர்கள், விளக்கேற்றிய சாமிப் படத்தைத் தங்கள் முகமாக வைத்திருந்தவர்கள், இவர்களெல்லாம் எழுதியிருந்தார்கள். மலக்குழியில் கை விட்டாலாவது கழுவலாம்.

சனிக்கிழமை மத்தியானம் சைனப் டப்பாக்களை எடுத்துவர வழக்கம்போலப் பட்டறைகளுக்குப் போனாள். முதல் டப்பா கனத்தது. திறந்தாள். சோறு கட்டியாக அப்படியே இருந்தது. ரசம் மூடியைக்கூட யாரும் தொடவில்லை.

"வயிறு செரியில்லக்கா" என்றார் தையல் மெஷினில் இருந்த தூத்துக்குடிக்காரர். பார்வை ஊசியிலேயே இருந்தது.

அடுத்த பட்டறையில் மூன்று டப்பாவைச் சாக்கடை ஓரத்தில் இறக்கி வைத்திருந்தார்கள். மேஜைமேல் இருக்க வேண்டாம் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒன்றின் மூடி திறந்து கிடக்க, சோற்றில் ஈ மொய்த்தது. பதினெட்டில் பதின்மூன்று அப்படியே திரும்பின. அதிகாலையிலிருந்து வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாத பெண் சமைத்த சோறு அது.

சைனப் அழவில்லை. வீட்டுக்கு வந்து டப்பாக்களை வரிசையாக வைத்துவிட்டு, "இத என்ன செய்ய? எறியவா? அல்லாட பரக்கத்த எப்பிடி எறிய?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றைக்குக் கல்லூரியிலிருந்தும் போன் வந்திருந்தது. விஷயம் ஆறும்வரை ஷைஸ்தா வர வேண்டாம். ப்ராக்டிகல் பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம். ஜர்னல் என்கிற செய்முறை நோட்டில் டீச்சர் கையெழுத்தும் பிரின்சிபால் முத்திரையும் இல்லாவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். ஒரு வருஷம் போகும். வருஷம் போனால் சலுகைக் கட்டணமும் போகும். அதோடு படிப்பு முடிந்தது.

நோன்பு திறந்து, கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தபின் கரீம் பாட்சா கேட்டார்.

"ஏட்டி, நீ அந்தப் போத்தல்ல குடிச்சியா?"

"நோம்புல எப்பிடி வாப்பா குடிப்பேன்?"

"அதான எனக்கும் வெளங்கல. அப்ப ஒன் நம்பர்ல எப்பிடி வந்திச்சி?"

ஷைஸ்தா நடந்ததைச் சொன்னாள். எட்டாம் நம்பர் ட்யூபில் இருப்பது தன் எச்சிலே இல்லை என்றாள். கரீம் பாட்சா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோட்டிக்காரி. தொழுகைக்கு ஒளுச் செய்யயில ஒரு நாளைக்கு அஞ்சு வேள வாய் கொப்பளிக்கமே, அதுல நோம்பு முறியுதா? கொப்பளிச்சித் துப்புனா என்ன?"

"தொண்டைக்குள்ள போயிரும்னு பயந்துட்டேன் வாப்பா."

"ஒங்க உம்மா வளத்த வளப்பு. உப்பக்கூட மோந்து பாக்குறவ."

"ஆமா, இப்ப எந்தலையில வைங்க" என்றாள் சைனப். "அந்தப் புள்ளதான் துப்புனான்னு போயிச் சொல்லுங்க. அந்த டீச்சரு இது வெளாட்டுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிபோவும்லா. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கா?"

"மேடத்துக்குப் போன் போட்டேன் உம்மா. பிரின்சிபால் யாரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டாராம். எச்சி எடுக்குறதுக்கு முன்னால வீட்டுல கையெழுத்து வாங்கணுமாம், மேடம் ஒருத்தர்ட்டயும் வாங்கல. வெளிய தெரிஞ்சா அவங்க வேலைக்கே ஆபத்து வந்துருமாம். ரெண்டு நாள் பொறுத்துக்கோம்மான்னாங்க."

"பொறுக்கவா? அவளுக்கென்ன, பொறுக்குறது நம்ம சோறுல்லா."

"சுஷ்மாவாவது சொல்லட்டும்" என்றார் கரீம் பாட்சா.

"பக்கத்து வீட்டு போன்லேருந்து பேசுனா வாப்பா. அவ அப்பா விட மாட்டேங்காராம். ஒன் எச்சில் அவ பேர்ல எதுக்குப் போச்சின்னு நாளைக்கு ஒன் மொகத்தையும் வட்டம் போடுவான்னு திட்டுதாராம். அழுதா. நாந்தான் சொன்னேன், நீ வராத, ஒம்பேர நா எடுக்க மாட்டேன்னு."

"ஒன் படிப்பு போயிருமேட்டி."

"எனக்கு ஒரு ஒத்தாச செஞ்சா வாப்பா. அதுக்கு நா இதையா செய்ய?"

கரீம் பாட்சா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தொழப் போனார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, பெண்ணின் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை பிரின்சிபால் அவர்களைக் கூப்பிட்டார். கரீம் பாட்சா பெருநாளுக்கு எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டார்.

குளிர்சாதன அறை. மேஜையில் தேநீர், தண்ணீர் பாட்டில், பிள்ளையார். ஷைஸ்தா உள்ளே வந்ததும் பிரின்சிபால் தன் பாட்டிலை எடுத்து நாற்காலிக்குப் பக்கமாக, கீழே வைத்துக்கொண்டார். தேநீரின்மேல் சாஸரைக் கவிழ்த்தார். யோசித்துச் செய்ததுபோல் இல்லை. கை தானாகச் செய்தது. அதைக் கரீம் பாட்சா பார்த்தார். முப்பது வருஷம் செத்த மாட்டுத் தோலைத் தொட்டு வெட்டிய அந்த மனிதருக்கு அருவருப்பு என்றால் என்னவென்று தெரிந்தது அப்போதுதான்.

வந்தனா மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீதான் குடித்தாயா?" பிரின்சிபால் இந்தியில் கேட்டார்.

"இல்லை சார்."

"உன் சாம்பிள்தானே ஒத்துப்போயிருக்கிறது."

"அது என் சாம்பிள் இல்லை சார்."

"யாருடையது?"

"சொல்ல மாட்டேன் சார்."

மேடம் தலை நிமிர்ந்தார். ஏழும் எட்டும் ஏன் ஒன்றாக இருந்தன என்று அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு விளங்கிவிட்டது. தான் சொல்ல வேண்டியது என்ன என்பதும் விளங்கியது. வாய் திறந்தது. பிரின்சிபால் அவரைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

இது விளையாட்டு என்று பிரின்சிபாலுக்கும் மேடத்துக்கும் தெரியும். பாட்டிலில் யாரும் துப்பவில்லை என்று தெரியும். வாய் வைத்துக் குடித்தது தப்பே இல்லை, குடிக்கச் சொன்னதால் குடித்தது என்று தெரியும். தெரிந்துகொண்டே ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள்.

"சரி. சயின்ஸ் இருக்கிறது. புதுசாக ஒரு சாம்பிள் கொடு. இப்போதே, என் முன்னால்" என்றார் பிரின்சிபால்.

"சாப், ரோஜா ஹை" என்றார் கரீம் பாட்சா. "சாயங்காலம் நோம்பு தெறந்ததும் குடுக்கட்டும். நா இங்கயே உக்காந்திருக்கேன்."

"நீங்கள் தொழுவதற்கு முன்னால் கொப்பளிக்கிறவர்கள்தானே? நான் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றும் ஆகாது."

இரண்டு நாளுக்கு முன் தானே சொன்ன நியாயம். கரீம் பாட்சா மகளைப் பார்த்துத் தலையசைத்தார்.

பூலோகம்தான் உப்புத் தண்ணீர் கொண்டுவந்தார். காகிதக் கப்பை விட்டுவிட்டு, நன்றாகக் கழுவிய கண்ணாடிக் குவளையில் கொண்டுவந்தார். "மெதுவா செய் தாயி. தலையக் குனிஞ்சே வச்சுக்கோ, உள்ள போவாது" என்று காதோரம் சொன்னார்.

ஷைஸ்தா கொப்பளித்தாள். பிரின்சிபால் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். "நன்றாக. இன்னும் நன்றாக" என்றார். இருபதாவது செகண்டில் அவளுக்குப் புரையேறியது. வாயைப் பொத்தினாள். கண்ணில் நீர் வந்தது. உப்புத் தண்ணீர் ஒரு மடக்கு தொண்டையைத் தாண்டி இறங்குவது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. மீதியைக் குவளையில் துப்பினாள்.

நோன்பு போய்விட்டது. அறையில் வேறு யாருக்கும் தெரியாது. அப்பாவைப் பார்த்தாள். அவர் "ஒண்ணும் ஆவலல்லா?" என்று கண்ணால் கேட்டார். "இல்ல வாப்பா" என்றாள்.

சோதனை முடிய நான்கைந்து மணி நேரம் ஆகும். அப்பாவும் மகளும் லேபுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மார்ச் வெயில் தாழ்வாரத்தின் பாதிவரை வந்து நின்றது. ஒரு மணிக்குப் பூலோகம் பையிலிருந்து டப்பாவை எடுத்தார். வழக்கமாக லேபின் பின்பக்கத்தில் சாப்பிடுகிறவர், அன்றைக்கு ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு எதிரே, போகிற வருகிறவர்கள் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

"நோம்பாளிக முன்னால திங்கேன்னு கோவிக்காதீக பாய். இன்னைக்கு இங்க வச்சித்தான் திங்கணும்."

"தின்னு தின்னு."

"அக்கா கீரை கடைஞ்சிருக்கா." போய்க்கொண்டிருந்த ஒரு டீச்சரை நிறுத்தி, இந்தியில், "மேடம், நம்ம ஷைஸ்தாவோட அம்மா சமையல். கொஞ்சம் பாக்கறீங்களா?" என்றார். அந்த அம்மாள் திகைத்துவிட்டு, ஒரு விரல் கீரையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு, "அச்சா ஹை" என்று முணுமுணுத்து நகர்ந்தார். பூலோகம் கடைசிப் பருக்கை வரை வழித்துச் சாப்பிட்டார்.

மூன்று மணிக்குச் சுஷ்மா ஓடி வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"ஒன்ன வராதன்னு சொன்னேன்லா" என்றாள் ஷைஸ்தா.

"அப்பாதான் ஆட்டோல அழைச்சுண்டு வந்தார். மூணு நாளா நான் சாப்பிடலை. இன்னிக்குக் காத்தால அவரும் சாப்பிடலை. அப்புறம் செருப்பை மாட்டிண்டு, வான்னார். உள்ள வரமாட்டாராம். கேட்டுக்கு வெளில நிக்கறார். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வந்துடுன்னார்."

லேபுக்குள் போய் மேடத்தின் முன்னால் நின்றாள். "ஏழும் எட்டும் ரெண்டும் என்னுது மேடம். அவ நோன்புன்னு நான்தான் பண்ணினேன். பாட்டில்ல குடிச்சதும் நான்தான். குடிக்கச் சொன்னது நீங்கதான். நீங்க சொல்லலைன்னா நான் போன்ல பேசி எல்லாருக்கும் அனுப்பப் போறேன்."

ஜெல் விளக்கின்மேல் இருந்தது. ஷைஸ்தாவின் புதுக் கோடுகள் பாட்டிலின் கோடுகளுக்கு வெகு கீழே, வேறு இடத்தில் நின்றன. வந்தனா மேடம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"நீ பேச வேண்டாம். நானே எழுதறேன்" என்றார்.

விளையாட்டு தான் ஏற்பாடு செய்தது என்றும், யாரும் எதிலும் துப்பவில்லை என்றும், பெற்றோர் சம்மதம் வாங்காதது தன் தவறு என்றும் ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரிடமும் கேட்காமல் அதைப் படமெடுத்து எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார். அதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். முதல் நாளே எழுதியிருந்தால் மூன்று நாளும் பதின்மூன்று டப்பாவும் தப்பியிருக்கும். ஆனாலும் எழுதினார். எழுதாமலே இருந்துவிடுகிறவர்கள் நிறைந்த ஊரில் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிரின்சிபால் ஜர்னலில் முத்திரை குத்தினார். "பார்த்தாயா, சயின்ஸ் பொய் சொல்லாது" என்று ஷைஸ்தாவிடம் சிரித்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அவர்கள் வெளியே போனதும் நாற்காலிகளை டெட்டால் போட்டுத் துடைக்கும்படி பூலோகத்திடம் சொன்னார். பூலோகம் துணியை எடுத்துவந்து, பிரின்சிபாலின் நாற்காலியை மட்டும் துடைத்துவிட்டுப் போனார்.

கேட்டுக்கு வெளியே சந்திரமௌலி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கரீம் பாட்சாவைப் பார்த்ததும் குடையை மடக்கினார்.

"நான் முன்னாடியே அழைச்சுண்டு வந்திருக்கணும்" என்றார்.

"பொட்டப்புள்ளைய வச்சிருக்கிறவங்களுக்குப் பயம் இருக்கத்தான செய்யும் சாமி" என்றார் கரீம் பாட்சா.

இருவரும் ஆட்டோ வரும்வரை ஒரே நிழலில் நின்றார்கள்.

அன்றைக்கு நோன்பு திறக்கும் நேரம்வரை ஷைஸ்தா ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து, எல்லாரோடும் கை ஏந்தி, கஞ்சி குடித்தாள். சொன்னால் உம்மா அந்தக் கல்லூரியையே மண் அள்ளித் தூற்றுவாள். வாப்பா, சம்மதித்தது தான்தானே என்று உள்ளுக்குள் உடைவார். அதனால் சொல்லவில்லை.

மேடத்தின் கடிதத்தைச் சில நூறு பேர் படித்தார்கள். பதினோரு செகண்ட் வீடியோ இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. ஏதோ ஒரு வட நாட்டு ஊரின் பெயர் போட்டு, புது எழுத்து ஒட்டி. ஆதர்ஷ் ஒரு நாள் அழுதுகொண்டே வந்து மன்னிப்புக் கேட்டான். அவன் போனிலிருந்து அழித்தான். உலகத்திலிருந்து அழிக்க அவனால் முடியவில்லை. பெருநாள் கழிந்து முஸ்லிம் ஆட்களின் டப்பாக்கள் திரும்பச் சேர்ந்தன. மற்றவர்களில் எட்டுப் பேர் வந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பீகார்க்காரர். காலி டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்து, "நாளையிலிருந்து, பாபி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டுப் போனார். தூத்துக்குடிக்காரர் இன்றைக்கும் ஊசியைத்தான் பார்க்கிறார்.

ஏப்ரல் நடுவில் ப்ராக்டிகல் பரீட்சை முடிந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை, ஷைஸ்தா காலையில் தேநீர் வேண்டாமென்றாள். கேன்டீனில் குடித்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு லைப்ரரிக்குக் கிளம்பினாள். தொண்டை உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற வெயில். நோன்பு மாதத்தில் ஊரே உடன் பசித்திருக்கும். இந்த நாளில் யாரும் இல்லை. மத்தியானம் சுஷ்மா குல்ஃபி வாங்கி நீட்டியபோது, வயிறு சரியில்லை என்றாள். சுஷ்மா இரண்டையும் தானே தின்றாள்.

சாயங்காலம் செம்பூர் ஸ்டேஷன் படியில் ஒரு வாழைப்பழம் வாங்கிக்கொண்டாள். பிளாட்பாரத்தில் ஆபீஸ் கூட்டம். ஆறு ஐம்பத்தேழுக்குப் போனைப் பார்த்தாள். சூரியன் இறங்கிவிட்டது. ஒரு தூணோடு ஒதுங்கி நின்று, உதடு அசையாமல் நோன்பு திறக்கும் நிய்யத்தைச் சொல்லிக்கொண்டு, பழத்தின் தோலை உரித்து முதல் துண்டைக் கடித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் வண்டி வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அல்லாவுக்கு ஒரு நோன்பு பாக்கி இருந்தது. அது அடைந்தது.

ரயில் வந்தது. தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெண்கள் பெட்டியில் முண்டியடித்து ஏறிக்கொண்டாள்.